கணக்கில் வராத வேலை: ஜோ மூர் வழக்கை வாசித்தல்

உழைப்பு வரலாற்றைப் பயிலும் மாணவர்களுக்கு முதற்பருவத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. உழைப்பவர் தம் வேலையைப் பற்றித் தாமே எழுதிவைப்பது அரிது. அவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் மோதல் நேரும்போதுதான் வேறு யாரேனும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். காவல்துறைக் குறிப்பு, விசாரணைக்குழு அறிக்கை, நீதிமன்றச் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டுதான் நம்முடைய ஆலைத் தொழிலாளர் வரலாற்றின் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது. வேலைநீக்கம் தொடர்பான அமெரிக்கத் தீர்ப்புகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, அதே பாடத்தைச் சற்றும் எதிர்பாராத இடத்தில் மீண்டும் சந்தித்தேன்: கல்லூரிக் கால்பந்து அணி ஒன்றின் உதவிப் பயிற்சியாளர் தொடுத்த வழக்கு. அவர் பெயர் ஜோ மூர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. விளையாட்டில் ஆர்வமில்லாத நண்பர்களும் பொறுமையோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதிக்குப் பின் இது பல்கலைக்கழகங்களைப் பற்றியதாகிவிடும்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பதில் கால்களுக்கு வேலை குறைவு. முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். அல்லது முன்னோக்கி எறிந்து பிடிப்பார்கள். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்னணியில் ஐந்து பேர் தோளோடு தோள் நெருங்கி நிற்பார்கள்: நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு அப்பால் டாக்கிள்கள். இந்த ஐவரையும் சேர்த்துத் தாக்குதல் வரிசை என்கிறோம். சென்டர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தருவார். அத்துடன் ஐவருக்கும் பந்தோடு உள்ள உறவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதிப்படியே அவர்களுக்கு உரிமை இல்லை. எதிரணியின் பெரும் உடல்களைத் தடுத்து நிறுத்துவது, பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துகொடுப்பது, பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு இரண்டு மூன்று வினாடிகள் வாங்கித் தருவது, இவைதாம் அவர்கள் வேலை.

இவர்களுக்கு ஆங்கிலத்தில் லைன்மேன் என்று பெயர். நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கம்பம் ஏறும் மின்வாரிய ஊழியரே நினைவுக்கு வருவார். பொருத்தமான குழப்பம்தான். மின்சாரம் இருக்கும்வரை லைன்மேனை எவரும் நினைப்பதில்லை.

அமெரிக்க விளையாட்டுப் பண்பாட்டுக்கு எண்களின்மேல் உள்ள மோகம் அறிந்ததே. ஓடியவர் எத்தனை கெஜம் ஓடினார், எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார், எத்தனை பிடிக்கப்பட்டன என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தாக்குதல் வரிசைக்கு மட்டும் அதிகாரபூர்வக் கணக்கேட்டில் நெடுங்காலம் பத்தியே இல்லை. அவர்கள் பெயர் அறிவிக்கப்படுவது பெரும்பாலும் தவறு செய்து தண்டம் விதிக்கப்படும்போதுதான். அப்படியிருக்க, அவர்களைப் பயிற்றுவிப்பவரின் வேலைக்கு எந்த ஏட்டில் தடயம் இருக்கும்?

ஜோ மூர் பிறந்தது 1932இல். அவருடைய தொழில்வாழ்க்கை மேற்குப் பென்சில்வேனியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் வேர்கொண்டது. பிட்ஸ்பர்க் நகரின் புறநகரான அப்பர் செயின்ட் கிளேர் பள்ளியில் 1970களில் அவர் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவரிடம் ஆடிய மாணவர்களுள் ஒருவர் கர்க் ஃபெரென்ட்ஸ். இந்தப் பெயருக்குப் பிறகு வருவோம். அந்த வட்டாரம் எஃகு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு பள்ளி மைதானத்தில் ஊரே கூடும் பழக்கம் கொண்டது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், கல்லூரிக் கால்பந்து உதவித்தொகை என்பது உடல்வலிமை கொண்ட ஓர் இளைஞன் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுவதற்கான வெகுசில வழிகளுள் ஒன்றாக இருந்தது. இதை மிகைப்படுத்தி வீரகாவியமாக்கும் எழுத்து அமெரிக்காவில் ஏராளம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வெளியேறியவர்களைப் பற்றித்தான் காவியங்கள் எழுதப்படுகின்றன.

1977இல் மூர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தாக்குதல் வரிசைப் பயிற்சியாளரானார். 1985 வரை அங்கே இருந்தார். 1979, 1980, 1981 ஆகிய மூன்று பருவங்களிலும் அந்த அணி தலா பதினொரு ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. இந்தக் காலத்து நினைவுகளில் முதலில் வரும் பெயர் குவாட்டர்பேக் டேன் மரினோ. கல்லூரியில் அவர் எறிந்த தூரம் 8,597 கெஜம், ஸ்கோராக முடிந்த எறிதல்கள் 79 என்று இன்றும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அந்தக் கெஜங்களுக்கு வேண்டிய வினாடிகளை வாங்கித் தந்தவர்கள் மூரின் மாணவர்கள்: மார்க் மே, ரஸ் கிரிம், ஜிம்போ கோவர்ட், பில் ஃப்ராலிக். 1980இல் நாட்டின் சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லேண்ட் விருது மேவுக்குக் கிடைத்தது. மேவும் கிரிமும் வாஷிங்டன் தொழில்முறை அணிக்குச் சென்று, தங்கள் பயிற்சியாளர் சூட்டிய 'பன்றிகள்' என்ற பெயரில் பெருமைகொண்ட வரிசையில் இடம்பெற்றார்கள். கிரிமும் கோவர்ட்டும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பயிற்சியாளரிடமிருந்து, சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர்.

ஃப்ராலிக்கைப் பற்றி ஒரு சிறு செய்தி என் வாதத்துக்கு உதவும். அவரை விருதுகளுக்கு முன்னிறுத்த விரும்பிய பல்கலைக்கழக விளம்பரத் துறைக்குக் காட்ட எண் எதுவும் இல்லை. எனவே எதிராளியை அவர் எத்தனை முறை மல்லாக்க வீழ்த்தினார் என்று எண்ணத் தொடங்கி, அதற்குப் 'பான்கேக்' என்று பெயரிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கல்லில் தோசையைத் திருப்பிப் போடுவதுபோல என்று நாம் புரிந்துகொள்ளலாம். கணக்கேட்டில் இடமில்லாத வேலைக்கு ஒரு கணக்கைச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கணக்கும் ஒருவர் தனியாகச் செய்ததை மட்டுமே எண்ணியது. வரிசையின் வேலையோ தனியாள் வேலை அன்று. பந்து நகரும் நொடியில் ஐவரும் எதிரே நிற்பவர்களை ஒரேவிதமாக வாசிக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளி, அவர் நிலைகுலைந்ததும் இருவரில் ஒருவர் பிரிந்து அடுத்தவரைப் பிடிக்க வேண்டும். முதல் அடி எந்தத் திசையில், எவ்வளவு சிறிதாக எடுத்துவைக்கப்படுகிறது என்பதில்கூட முடிவு மாறும். நால்வர் சரியாகச் செய்து ஒருவர் தவறினால் ஐவரும் தவறியதாகவே ஆகும். பதினெட்டு வயதில் வந்துசேரும் பெரிய உடல் ஒன்றை இந்த இசைவுக்குக் கொண்டுவருவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆயிரக்கணக்கான முறை ஒரே அசைவைத் திரும்பச் செய்யவைப்பதுதான் இந்தப் பயிற்சியாளரின் அன்றாடம். நெசவோ, கல்தச்சோ, இசையோ குருவிடம் கற்ற எவருக்கும் இது அயலான செய்தியாக இராது.

1988இல் மூர், இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1842இல் நிறுவப்பட்ட இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஏறக்குறைய ஒரு வழிபாட்டு மரபு. தலைமைப் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸ். மூர் சேர்ந்த முதல் பருவத்திலேயே அணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. 1991 முதல் அதன் உள்ளூர் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைத் தேசியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றே முழுமையாகப் பெற்றது. வேறெந்தக் கல்லூரிக்கும் அப்போது அப்படியொரு தனி ஒப்பந்தம் இல்லை. ஆண்டி ஹெக், டிம் கிரன்ஹார்ட், ஆரன் டெய்லர் எனத் தொழில்முறை அணிகளுக்குச் சென்ற மாணவர்களின் வரிசை இங்கும் தொடர்ந்தது. ஒன்பது பருவங்கள் மூர் அங்கே பணியாற்றினார்.

1996 பருவத்தின் முடிவில் ஹோல்ட்ஸ் விலகினார். தற்காப்புப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த பாப் டேவி தலைமைப் பயிற்சியாளரானார். மூரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதில்லை என்று அவர் முடிவு செய்தார். மூருக்கு அப்போது 64 வயது.

இதுவரை விந்தை எதுவும் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளர்கள் வெளியேறுவது அந்த உலகின் எழுதப்படாத விதி. புதியவர் தம் ஆட்களோடு வருவார். பழையவர்கள் வீட்டை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். எவரும் நீதிமன்றம் போவதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் பொதுவான போக்கும் இதற்கு இசைவானதே: காரணம் சொல்லாமலும் ஒருவரை அனுப்பிவிடலாம். ஆனால் சில காரணங்களுக்காக மட்டும் அனுப்பக் கூடாது. டேவி தம்மிடம் வயதையே காரணமாகச் சொன்னார், இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்யக்கூடிய ஒருவர் தேவை என்று கருதினார் என்பது மூரின் தரப்பு. மூர் வழக்குத் தொடுத்தார்.

அவர் பற்றிக்கொண்டது 1967ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இது பாதுகாப்பளிக்கிறது. தொடக்கத்தில் 65 வயதோடு முடிந்த இந்தப் பாதுகாப்பு 1978இல் 70 ஆக உயர்ந்தது. 1986இல் மேல்வரம்பே நீக்கப்பட்டது. இங்கே கல்வித்துறை நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு குறிப்பு உண்டு. 1986 திருத்தத்தில் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென ஒரு விலக்கைப் பெற்றிருந்தன: நிரந்தரப் பணியிலுள்ள பேராசிரியர்களை 70 வயதில் கட்டாய ஓய்வில் அனுப்பும் உரிமை 1993 இறுதிவரை அவற்றுக்கு இருந்தது. இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 65 வயதில் ஓய்வுபெற்றே ஆகவேண்டிய நம் நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்தச் சட்டம் விசித்திரமாகக்கூடத் தோன்றலாம். வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஓர் ஆய்வு மாணவனாக, இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்ற வாதத்தை என்னால் எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை. ஆனால் மூரின் வழக்கு அதைப் பற்றியதன்று. எல்லோருக்கும் பொதுவான ஓர் ஓய்வு வயதை அறிவித்து அவரை அனுப்பவில்லை. ஒருவர் மற்றொருவரைப் பார்த்து எடுத்த முடிவு அது.

வழக்கு 1998 ஜூலையில் இண்டியானாவின் லஃபயட் நகரில் கூட்டரசு நீதிமன்றத்தில், நடுவர்குழுவின் முன் நடந்தது. மூருக்கு அப்போது 66 வயது. வயது காரணமல்ல என்றது பல்கலைக்கழகத் தரப்பு. அவர் ஆட்டக்காரர்களை வசைச் சொற்களாலும் உடலளவிலும் கடுமையாக நடத்தினார், அணியின் தரத்துக்கு ஒவ்வாதவராக இருந்தார் என்று வாதிட்டது. நடுவர்குழு அதை ஏற்கவில்லை. வயதே காரணம் என்றும், சட்டம் தெரிந்தே மீறப்பட்டது என்றும் முடிவு செய்தது. இழந்த ஊதியம் 42,935 டாலர் என மதிப்பிட்டது. மீறல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதால் சட்டப்படி அத்தொகை இரட்டிப்பாகி 85,870 டாலர் ஆனது.

இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய பகுதி. மூர் பணத்தைவிட வேலையையே கேட்டார். மீண்டும் பணியில் அமர்த்த நீதிபதி ஆலன் ஷார்ப் உடன்படவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொருவர் அமர்த்தப்பட்டிருந்தார். தவிர, இத்தனை கசப்புக்குப் பிறகு அதே தலைமைப் பயிற்சியாளரின் கீழ் மூர் வேலை செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அதற்கு ஈடாக, வருங்கால ஊதியம் என்ற வகையில் 75,577 டாலர் வழங்கப்பட்டது. வழக்கறிஞர் கட்டணமாக ஏறத்தாழ 3,95,000 டாலரைப் பல்கலைக்கழகம் செலுத்த வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. மூருக்குக் கிடைத்த இரு தொகைகளையும் கூட்டினால் 1,61,000 டாலர் அளவில் வருகிறது. அந்தத் தொகையை நிலைநாட்ட ஆன செலவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எண்ணே இல்லாத வேலை என்று தொடங்கினோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் களத்தில் நின்ற ஒரு மனிதரின் வேலைக்கு டாலர் கணக்கில் அரசு ஆவணம் தரும் எண்கள் இவைதாம். ஆனால் அவை எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவர் உருவாக்கிய வரிசைகளின் மதிப்பை அவை அளக்கவில்லை. அவர் வேலை செய்ய அனுமதிக்கப்படாத நாட்களையே அளக்கின்றன. இந்தச் சட்டத்தில் மன உளைச்சலுக்கென்று தனி இழப்பீடு கிடையாது. எனவே நீதிமன்றத்தின் பார்வையில் ஜோ மூர் என்பவர் ஓர் ஊதிய விகிதமும், சில மாதங்களும், எஞ்சியிருக்கக்கூடிய சில பணியாண்டுகளும் மட்டுமே. கைவினை நீதிமன்றத்துக்குள் நுழைகையில் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

வழக்கை இப்படி மட்டும் வாசித்து நிறுத்துவது எளிது. நேர்மையான பலவானை நன்றிகெட்ட நிறுவனம் கைவிட்டது என்ற கதை கிடைத்துவிடும். அமெரிக்க விளையாட்டு இதழ்களில் அந்தக் கதைக்கு வரவேற்பும் உண்டு. எனக்கு இடறுவது பல்கலைக்கழகத் தரப்பின் வாதம். நடுவர்குழு தீர்மானித்தது வேலைநீக்கத்தின் காரணத்தை மட்டுமே. மாணவர்கள் கடுமையாக நடத்தப்பட்டார்களா, அது எந்த அளவுக்குப் போனது என்பது அங்கே தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாக இருக்கவில்லை. மூரை வாழ்நாள் முழுதும் போற்றும் மாணவர்கள் பலர் உண்டு; அவர் முரடர் என்பதை அவர்களும் மறைப்பதில்லை. குருவின் அடியைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூரும் மரபு நமக்கும் தெரிந்ததுதானே. வெற்றிபெற்றவர்களின் நன்றி ஆவணமாகிறது. பாதியில் விட்டுப்போனவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆவணம் தேட வேண்டும்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. ஒன்பது பருவங்கள் அவர் பயிற்றுவித்த முறை அந்த நிறுவனத்துக்குத் தெரியாததன்று. அது ஒரு குற்றமாக உருக்கொண்டு நீதிமன்றத்தில் பேசப்பட்டது, அவரை நீக்கியதற்குக் காரணம் காட்ட வேண்டிய நேரத்தில். ஆட்டக்காரர்களின் உடல்மீது நிகழ்ந்தது எதுவோ, அது அவர்களுடைய முறையீடாகப் பதிவாகவில்லை. இரு பெரியவர்களுக்கிடையிலான வழக்கில் ஒரு தரப்பின் சான்றாக மட்டுமே பதிவானது.

அதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. மூர் ஊழியர், எனவே வழக்காட முடிந்தது. அவர்முன் குனிந்து நின்ற இளைஞர்கள் ஊழியர்கள் அல்லர். 1950களில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ விளையாட்டாளர்' என்ற தொடரை வழக்கில் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்களைத் தொழிலாளர்களாகக் கருதி விபத்து இழப்பீடு கேட்கும் வழக்குகளைத் தவிர்ப்பதும் அதன் நோக்கம் என்று அச்சங்கத்தின் முதல் நிர்வாக இயக்குநரான வால்ட்டர் பயர்ஸ் தாமே பின்னர் எழுதினார். கல்வி உதவித்தொகைக்கு மேல் அவர்களுக்கு நெடுங்காலம் ஊதியம் இருக்கவில்லை. தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டும் உரிமைகூட 2021இல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. மூரின் மாணவன் ஒருவனுக்கு 1980களில் முழங்கால் உடைந்திருந்தால், ஓடியவரின் கெஜக்கணக்கிலும் அவன் இல்லை. ஊதியப் பட்டியலிலும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டு ஏட்டிலும் இல்லை. மூரின் மௌனத்தைக் கலைக்க ஒரு சட்டம் இருந்தது. அந்த மாணவர்களின் உழைப்பு வரலாற்றை எழுத முனைபவர் மருத்துவக் குறிப்புகளையும் குடும்பக் கடிதங்களையும் வாய்மொழி நினைவுகளையும்தான் நாட வேண்டியிருக்கும். முனைவர் பட்டத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால் யோசிக்கலாம்.

மூர் 2003இல் காலமானார். 2015இல், முன்னாள் மாணவர் ஆரன் டெய்லரின் முன்முயற்சியில் ஜோ மூர் விருது நிறுவப்பட்டது. நாட்டின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு ஆண்டுதோறும் தரப்படும் இது, ஒரு தனிநபருக்கு வழங்கப்படுவதில்லை. முழு வரிசைக்கே உரியது. கோப்பையும் ஒருவர் தூக்கிக் காட்டக்கூடியதாக இல்லை: ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள வெண்கலச் சிற்பம். 2016இல் அதை வென்றது ஐயோவா பல்கலைக்கழகம். அதன் தலைமைப் பயிற்சியாளர், அப்பர் செயின்ட் கிளேர் பள்ளியில் மூரிடம் ஆடிய அதே கர்க் ஃபெரென்ட்ஸ்; 1981இல் ஐயோவாவில் அவருக்கு வரிசைப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததில் மூரின் பரிந்துரைக்குப் பங்குண்டு. அடுத்த ஆண்டு, 2017இல், விருது நோட்டர் டேமுக்குப் போயிற்று. அந்த வரிசையில் ஆடிய குவென்டன் நெல்சனும் மைக் மெக்ளின்சியும் சில மாதங்களில் தொழில்முறை அணிகளின் தேர்வில் ஆறாவது, ஒன்பதாவது இடங்களில் எடுக்கப்பட்டார்கள். அவர்களைப் பயிற்றுவித்த ஹாரி ஹீஸ்டண்ட், மூரைத் தம் வழிகாட்டியாகக் கருதியவர். ஜோ மூரின் பெயர் பொறித்த கோப்பை அந்த ஆண்டு, இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் அவரை வெளியேற்றிய வளாகத்துக்கே வந்துசேர்ந்தது.